நிலப்படத்தில் தமிழ்ப் பெயர்கள்



மொழியியல் பயின்றவன் நிலப்படம் அச்சிடுவதைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் கிளைமொழி ஆய்வாளர்க்கு நிலப்படம் புதிதன்று. ஒரு சொல் எந்த ஊர் வரை வழங்குகிறது, எங்கே மாறுகிறது என்பதைக் கோடிட்டுக் காட்டுவது எங்கள் துறையின் பழைய வழக்கம். அன்று கையால் வரைந்ததை இன்று புவியியல் தகவல் முறைமை என்னும் வகை மென்பொருள்கள் வரைந்து தருகின்றன. அவற்றுள் 2002-இல் தொடங்கப்பட்ட கியூஜிஐஎஸ் விலையின்றிக் கிடைக்கிறது. ஒரு தமிழ்ப்பள்ளி தன் வகுப்பறைச் சுவருக்கான நிலப்படத்தைத் தானே உருவாக்கிக்கொள்ள இன்று தடை ஏதுமில்லை. அவ்வாறு உருவாக்கும்போது தமிழ் எழுத்தும் தமிழ்ப் பெயரும் என்ன ஆகின்றன என்பதே என் பேச்சு.

தீபகற்ப மலேசியாவை எடுத்துக்கொள்வோம். அது வடக்குத் தெற்காக ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீண்டது. சாய்ந்து கிடப்பதால், லங்காவி முதல் ஜொகூரின் கீழ்க்கோடி வரை கிழக்கு மேற்காக 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். 594 மில்லிமீட்டர் அகலமும் 841 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஏ1 தாளில் நாடு அடங்கிவிடும். கீழே இடமும் மிஞ்சும். அந்த இடம் வீண்போகாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஊர்ப்பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். தாளைப் பெரிதாக்க முடியாது. ஆகவே அப்பகுதியை மட்டும் நான்கு மடங்கு பெரிதாக்கித் தனிக் கட்டத்தில் கீழே தரவேண்டும்.

அடுத்தது எழுத்து. அச்சு நிலப்படத்தில் முதலில் உயிர் விடுவது மெய்யெழுத்தின் புள்ளி. ஓலை கிழியும் என்று அஞ்சி நம் முன்னோர் புள்ளியிடாது எழுதினர். படிப்பவர் இடம்நோக்கி உணர்ந்துகொண்டார். நிலப்படத்தில் அவ்வாறு உணர முடியாது. தொடர்பில்லாத தனிச்சொல்லாக நிற்கும் ஊர்ப்பெயரில் புள்ளி மறைந்தால், அவ்வூரை அறியாத மாணவன் பிழையாகவே படிப்பான். புள்ளியை விழுங்குபவை மூன்று. ஒன்று, மிகச் சிறிய எழுத்து. ரோமன் எழுத்து 6 பாயிண்ட் அளவிலும் படிக்கத் தெளிவாக இருக்கலாம். தமிழுக்கு 8 பாயிண்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது என் துணிபு. இரண்டு, பெயரைச் சுற்றி மென்பொருள் இடும் வெள்ளை விளிம்பு; அது பக்கத்துப் பெயரின் புள்ளியை மூடிவிடும். மூன்று, நான்கு மைகளைக் கலந்து உண்டாக்கும் கருப்பு. தாள் இம்மியளவு நகர்ந்தாலும் புள்ளி மங்கும். எழுத்தைத் தனிக் கருப்பு மையில் மட்டுமே அச்சிடுமாறு அச்சகத்தாரிடம் சொல்லிவிடுவது நலம்.

மாநிலப் பெயர்களில் வேறொரு சிக்கல். ஆங்கில நிலப்படங்களில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, மாநிலம் முழுவதும் பெயரைப் பரப்புவார்கள். தமிழில் அவ்வாறு செய்ய முற்பட்டால் ‘எழுத்து என்பது எது?’ என்ற பழைய இலக்கண வினா எழுந்துவிடும். நமக்குக் ‘கெ’ ஓரெழுத்து. ஒருங்குறியில் அது ககரம் ஒன்று, எகரக் குறி ஒன்று என இரண்டு. சேமிப்பில் ககரத்தின் பின்னே இருக்கும் குறி, திரையில் முன்னே வந்து நிற்கிறது. இதை அறியாத மென்பொருள் இடைவெளி விட்டால் குறி தன் மெய்யைப் பிரிந்து அநாதையாகும். தீபகற்பத்தின் 11 மாநிலங்களுள் பெர்லிஸ், கெடா, பேராக், நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகிய ஐந்தும் இத்தகைய குறியுடைய பெயர்கள். இடைவெளியைக் கூட்டாமல் எழுத்தின் அளவைக் கூட்டுவதே தக்க வழி. ஆற்றின் வளைவைத் தொடர்ந்து எழுதும் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே ஏற்கவேண்டும்.

பக்க அமைப்பை முடித்துப் பிடிஎஃப் கோப்பாக வெளியிடும்போது, எழுத்தை எழுத்தாகவே வைப்பதா, கோட்டுருவமாக மாற்றுவதா என்னும் தெரிவு உண்டு. தமிழுக்குக் கோட்டுருவமே காப்பு. அச்சகத்துக் கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் குலையாது. கோப்பில் சொல்லைத் தேட இயலாமற்போகும் என்பதே இழப்பு. சுவர்ப்படத்துக்கு அது பெரிதன்று.

இவையெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். கடினமானது பெயர்தான். மென்பொருளில் ஒவ்வோர் ஊரும் ஓர் அட்டவணையின் ஒரு வரி. பெயருக்கு ஒரு நிரல். அதில் நாம் எதை இடுகிறோமோ அதுவே அச்சாகும். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை, பங்களிப்பாளரைக் குறிப்பிட்டு, எவரும் பயன்படுத்தலாம். அதில் தமிழ்ப் பெயருக்கெனத் தனிப் புலமும் உண்டு. அது வெறுமையாக இருக்குமிடத்தில் எந்திர எழுத்துப்பெயர்ப்பைக் கொண்டு நிரப்புவதை நான் ஏற்பதில்லை. ஏனெனில் இந்நாட்டுத் தமிழர் ஊர்ப்பெயர்களை வெறுமனே ஒலிபெயர்க்கவில்லை. உழவரைக் குறிக்கும் ‘பெத்தானி’ என்னும் மலாய்ச் சொல், நமக்குப் பழகிய பட்டாணியாகிச் சுங்கைப்பட்டாணி பிறந்தது. கல்லைக் குறிக்கும் ‘பத்து’ தமிழ் மலையோடு சேர்ந்து பத்துமலையானது. அந்தப் பத்து எண்ணுப்பெயர் என்று நம்பும் பிள்ளைகள் இன்றும் உண்டு! ஆற்றுமுகத்தைக் குறிக்கும் ஒரே மலாய்ச் சொல், கோலாலம்பூரில் ‘கோலா’ என்றும், வேறு ஊர்களை எழுதும்போது ‘குவாலா’ என்றும் வருகிறது. வேரூன்றிய வடிவத்தை மாற்றாதிருப்பதும், வேரூன்றாத இடத்தில் மலாய் ஒலியைப் பின்பற்றுவதும் என் நெறி. எதைக் கொண்டாலும் படம் முழுவதும் ஒன்றாக இருக்கவேண்டும். கணினிக்குக் கோலாவும் குவாலாவும் இருவேறு சொற்கள்.

இனித் தோட்டப் பெயர்கள். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல பள்ளிகளின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்னும் சொல் இன்றும் இருக்கிறது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகியிருக்கும். பள்ளியே வேறிடத்துக்குப் பெயர்ந்திருக்கும். பள்ளி இன்று நிற்குமிடத்தில் மட்டும் பெயரைப் பொறித்தால், அப்பெயர் எந்த மண்ணுக்குரியது என்பது படத்தில் அழிந்துவிடும். ஆகவே பள்ளிக்கு ஒரு குறி, பழைய தோட்டத்துக்கு ஒரு குறி என இரண்டு இடவேண்டும். தோட்டத்துக்கு நிறுவனம் இட்ட பெயர் ஒன்று இருக்க, தொழிலாளர் தம்முள் வழங்கிய தமிழ்ப்பெயர் வேறாக இருந்ததும் உண்டு. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதினர். அட்டவணையில் அதற்கென ஒரு நிரலைத் திறந்து வையுங்கள். மாணவர்கள் தம் பாட்டி தாத்தாவிடம் கேட்டு, அவர்கள் ஒலித்தபடியே எழுதட்டும், திருத்த வேண்டா. பக்கத்து நிரலில் சொன்னவர் யார், எந்த ஆண்டுவரை அத்தோட்டத்தில் வாழ்ந்தார் என்பதையும் குறிக்கட்டும். இரு முதியவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.