ஆறு பழமும் ஒரு மரமும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், புகைப்படக் கழக மாணவர்களை முன்னிட்டு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மண்டபத்து வாசலில் மாணவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். நல்ல படங்கள் இருக்கின்றன. ஆனால் பல படங்களில் எல்லாமே இருக்கிறது. கோபுரம், கொடிமரம், மின்கம்பி, நிறுத்தி வைத்த கார், யாரோ ஒரு மாமாவின் மோட்டார் சைக்கிள். இதில் எதைப் பார்க்கச் சொல்கிறார் படம் எடுத்த தம்பி என்பதுதான் தெரியவில்லை! ஆகவே, எப்படி எடுப்பது என்பதை விட்டுவிட்டு, எதை விடுவது என்பதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதை ஆழ்ந்து யோசித்தவர்கள் ஜென் வழியில் வந்த ஓவியர்களும் தோட்டம் அமைத்தவர்களும்.

ஜென் என்றதும் மதப் பிரசங்கம் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். நமக்குத் தெரிந்த 'தியானம்' என்ற சொல்தான் சீனத்துக்குப் போய் 'சான்' ஆயிற்று. கடல் தாண்டி ஜப்பானுக்குப் போய் 'ஜென்' ஆயிற்று. அதைச் சீனத்துக்குக் கொண்டு போனவர் போதிதர்மர் என்பது மரபு. அவர் காஞ்சிபுரத்துக்காரர் என்று நம்மவர்கள் மார்தட்டிக் கொள்வதுண்டு. சீனத்துப் பழைய நூல் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, பின்னால் வந்த இன்னொன்று தென்னிந்தியர் என்கிறது. அந்த வழக்கை ஆராய்ச்சியாளர்களிடம் விட்டுவிட்டு நாம் படத்துக்கு வருவோம்.

ஜப்பானில் கியோத்தோ நகரில் தைத்தொகுஜி என்ற ஜென் மடம் இருக்கிறது. அதைச் சேர்ந்த ஒரு சிறு கோயிலில் பழைய ஓவியம் ஒன்றைப் பாதுகாத்து வருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த மூச்சி என்ற துறவி வரைந்தது என்று சொல்லப்படுகிறது. ஓவியத்தில் ஆறு பழங்கள், அவ்வளவுதான். என்ன பழம் தெரியுமா? நம் சந்தையில் 'பீசாங் காக்கி' என்று விற்கிறார்களே, அதே பழம். வெறும் கறுப்பு மையில் வரைந்தது. தட்டு இல்லை, மேசை இல்லை. ஒரு பழம் அழுத்தமான கறுப்பு; ஓரத்துப் பழங்களுக்கு வெறும் கோடு மட்டும். ஐந்து ஒரு வரிசைபோல நிற்க, ஒன்று மட்டும் கொஞ்சம் இறங்கி முன்னால் வந்து நிற்கிறது, வகுப்பில் வரிசையை விட்டு விலகி நிற்கும் பையனைப்போல.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே ஒருவன் வெள்ளைத் தாளில் பழத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்து, "ஐயா, ஜென் படம் எடுத்தாச்சு" என்பான். அது பழக்கடை விளம்பரம், தம்பி! மூச்சியின் ஓவியத்தில் பழத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு பழத்துக்கும் அடுத்த பழத்துக்கும் இடையே உள்ள வெளியைப் பாருங்கள். ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஒட்டி நிற்பவை உண்டு, தள்ளி நிற்பது உண்டு. அந்தத் தூரங்களில்தான் ஓவியம் மூச்சு விடுகிறது.

இந்த இடைவெளிக்கு ஜப்பானியர் 'மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை எழுதும் எழுத்து சீனத்திலிருந்து போனது. உங்கள் பக்கத்து வீட்டுச் சீன நண்பரிடம் எழுதிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கதவுக்கு நடுவில் சூரியன் இருக்கும். முற்காலத்தில் சூரியன் இருக்கும் இடத்தில் நிலாவைப் போட்டு எழுதினார்களாம். கதவு இடுக்கில் வெளிச்சம் வருகிறது என்பது படம். ஆக, இடைவெளி என்பது ஒன்றும் இல்லாத இடமல்ல. வெளிச்சம் உள்ளே வரும் இடம். நம் வீட்டு அம்மாக்களுக்கு இது புதிதல்ல. கோலம் போடுமுன் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வெறும் தரையாக்கிக் கொள்கிறார்களே, எதற்கு?

அதே கியோத்தோவில் ரியோவான்ஜி கோயில் இருக்கிறது. அங்குள்ள கல்தோட்டம் ஏறக்குறைய 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். வெள்ளைச் சரளைக்கல்லை வரிவரியாகச் சீவி வைத்து, நடுவே 15 கற்களை ஐந்து கூட்டமாக வைத்திருக்கிறார்கள். கல்லடியில் பாசி உண்டு, வேறு செடி கொடி கிடையாது. திண்ணையில் நீங்கள் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் 15 கல்லும் ஒருசேரத் தெரியாது, ஒன்றாவது மறைந்துவிடும். அமைத்தவர் யாரென்று உறுதியாகத் தெரியாததால் ஏனென்று கேட்கவும் ஆளில்லை. கேமராக்காரனுக்கு அது பெரிய சோதனை. அகல லென்ஸ் போட்டு முழுத் தோட்டத்தையும் ஒரே படத்துக்குள் திணித்தால் கற்கள் கூழாங்கல்லாகச் சுருங்கிவிடும். இரண்டு கல்லும் ஒரு கை அகலச் சரளையும் போதும் என்று முடிவு செய்கிறவனுக்குத்தான் அந்தத் தோட்டம் கொஞ்சமாவது கிடைக்கும்.

எல்லாம் எனக்கு வேண்டும் என்ற ஆசை படத்தை மட்டுமா கெடுக்கிறது? ஒரு மரத்தின் கதையைச் சொல்கிறேன்.

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் பியே என்ற விவசாய ஊர். கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரைக் கிழங்கு பயிராகும் மேடுபள்ளமான வயல்கள். 1971இல் அந்த வழியாகப் பயணம் போன மயேதா ஷின்சோ என்ற புகைப்படக்காரர் அந்தக் குன்றுகளில் மனத்தைப் பறிகொடுத்து, ஆண்டுக்கணக்கில் அங்கே படம் எடுத்தார். மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் 1987இல் தம் படக்கூடத்தைத் திறந்தார். பள்ளிக்கூடம் மூடுவதைப் பற்றி நம் சமுதாயத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடம் பாழாகாமல் படங்கள் குடியேறினவே என்று எனக்கு ஒரு ஆறுதல்.

அந்த ஊரில் ஒரு வயல் நடுவே ஒற்றைப் பாப்லர் மரம் ஒன்று இருந்தது. தலை சாய்த்து யோசனை செய்பவரைப்போலக் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். 'தத்துவ மரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பனிக்காலத்தில் வெள்ளை நிலம், வெள்ளை வானம், நடுவே அந்த ஒரு மரம். இதைவிட எளிமையான படம் வேண்டுமா? ஊர் ஊராக வந்து எடுத்தார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் பாதையில் நின்று எடுத்தது போதாது என்று வயலுக்குள் இறங்கினார்கள். உள்ளே வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டும் நிற்கவில்லை. பனி மூடிய வயல் நம் கண்ணுக்குத்தான் வெற்றிடம். இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை அந்தப் பனிக்கு அடியில் கிடக்கும். காலணி மண்ணோடு பயிர் நோயும் வயலுக்கு வந்துவிடும். 2016 பிப்ரவரியில் நிலத்துக்காரர் அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார். மரமும் வயதாகித் தளர்ந்திருந்தது உண்மை. ஆனால் வயலுக்குள் இறங்கியவர்களின் தொல்லைதான் அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது.

அமைதியைத் தேடிப் போனவர்கள்தான் அதைச் செய்தார்கள். எனக்கு இதில் அந்த விவசாயி மேல் ஒரு வருத்தமும் இல்லை. படத்தில் அழகாகத் தெரிகிறதே வெறும் நிலம், அது அவர் உழுது சீராக்கிய நிலம். இங்கே செகின்சான் நெல்வயலுக்குப் படம் எடுக்கப் போகும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். வரப்பு ஒருவருடைய பிழைப்பு. ஓரமாக நின்று எடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

ஓரமாக நிற்பதில் பேர்போனவர் பிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்த்தியே-பிரெசோன். ஜெர்மானியர் ஒருவர் ஜப்பானில் வில்வித்தை கற்றுக்கொண்டு ஜென் பற்றி எழுதிய புத்தகத்தை, ஓவியர் பிராக் இவருக்குக் கொடுத்தார். புகைப்படம் எடுப்பதற்கும் அதுதான் பாடம் என்று இவர் எடுத்துக்கொண்டார். சின்ன லைக்கா கேமரா ஒன்று. அதன் பளபளப்பு யார் கண்ணையும் உறுத்தக் கூடாதென்று கறுப்பு நாடாவை ஒட்டி மறைத்துவிடுவார். ஃபிளாஷ் போடுவதை மரியாதைக்குறைவு என்று கருதியவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி தம் கடைசி நாள்களில் இருந்தபோது அங்கே போய்ப் படம் எடுத்தவரும் இவர்தான். உயிர் பிரியும் தறுவாயில் இருக்கும் ஒருவர் முன்னால் கேமராவோடு நிற்பதென்றால் எப்படி நின்றிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி கொஞ்சம் தொழில் நுணுக்கம். கடல் அலையை ஒரு வினாடியில் 500இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் துளித்துளியாக உறைந்து நிற்கும். 30 வினாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் அதே அலை பனிமூட்டம்போல் ஆகிவிடும். பகலில் அவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளுத்துப்போகும் என்பதால், ஒளியை ஆயிரம் மடங்கு குறைக்கும் கறுப்புக் கண்ணாடியை லென்ஸின் முன்னால் மாட்டுகிறார்கள். மைக்கேல் கென்னா என்ற ஆங்கிலேயர் இரவில் மணிக்கணக்காகவே திறந்து வைப்பதுண்டு. ஹொக்கைடோ பனியில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். இப்போது கைப்பேசி சிலவற்றிலேயே இந்த வசதி வந்துவிட்டது. அதனால் எல்லாரும் எல்லாக் கடலையும் பாலாக்கிவிடுகிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. மீனவர் பார்க்கிற கடல் அது இல்லையே!

நம் ஊருக்கு இதெல்லாம் தேவையில்லை. காலை ஏழரை மணிக்குச் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போனால் பனிமூட்டம் தானாகவே பின்னால் உள்ளதை எல்லாம் அழித்துக் கொடுக்கும். உச்சிவெயிலில் எடுக்காதீர்கள். மழை விட்ட பிறகு வானம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கும். முட்டி போட்டுக் கீழிருந்து எடுத்தால் அதுவே பின்னணி. அஞ்சடியில் நிற்கும் சைக்கிளுக்குப் பின்னால் குப்பைத்தொட்டி தெரிகிறதா? ஓரடி இடப்பக்கம் நகருங்கள், மறைந்துவிடும். நகர்வதற்குக் காசு கேட்க மாட்டார்கள். எங்கள் காலத்தில் ஒரு பிலிம் சுருளுக்கு 36 படம். கழுவக் காசு, அச்சிடக் காசு. கை தானாக யோசிக்கும். இப்போது கணக்கே இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை கோபுரத்தின் உச்சியை மட்டும் எடுத்து, மீதியெல்லாம் வானமாகக் கொண்டுவந்து காட்டினால், "என்னய்யா இது, பாதி படம் காலியா இருக்கு, கோபுரம் முழுசா விழலையே" என்று சொல்லாதீர்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.

கழகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு இறங்குகிறேன். பல வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தாவின் படம், அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. முப்பது நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய மனிதருக்கு, அவர் முகம் அவருடைய முகமாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. ஆகவே விடுமுறையில் உங்கள் பாட்டியையோ தாத்தாவையோ எடுங்கள். முதலில் கேளுங்கள், "பாட்டி, எடுக்கட்டுமா?" என்று. வேண்டாம் என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சரி என்றால் சன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள், பின்னால் தொங்கும் காலண்டரைக் கழற்றி வையுங்கள். பட்டுச்சேலை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் கைப்பேசியைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள். பேச்சு ஓய்ந்து அவர்கள் சன்னல் பக்கம் திரும்புவார்கள், அப்போது ஒன்று எடுங்கள். முகம் வராவிட்டால் மடியில் கிடக்கும் கைகளை எடுங்கள். ஆளுக்கு ஒரே ஒரு படம். பள்ளி திறந்த முதல் வாரம் கழக ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்; அடுத்த ஆண்டு இதே வாசலில் மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.