கரியின் தரம் களத்தில் தொடங்குகிறது



பயிரிலிருந்து உயர்ரகக் கரி செய்வது புதிய எண்ணமல்ல. 1880-களில் எடிசனின் விளக்கில் எரிந்தது ஜப்பானிய மூங்கிலைக் கரியாக்கி எடுத்த இழை. இன்று காங்கேயம் வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டி கரியாகிறது. அந்தக் கரி 900 டிகிரி அளவிலான சூட்டில் நீராவி பட்டு, கிளர்வூட்டிய கரியாகித் தண்ணீர் வடிகட்டிகளுக்கும் தங்கம் பிரிக்கும் ஆலைகளுக்கும் போகிறது. அதில் ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டும். மீமின்தேக்கிகளின் மின்வாய்க்கும் தொட்டிக் கரி பயன்படுகிறது.

1951-இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் கரிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒருவகை, சூடேற்றினால் கிராஃபைட்டாக ஒழுங்குபடும். மற்றது 3,000 டிகிரியிலும் ஒழுங்குபடாது. செடிகொடிகளின் கரி பெரும்பாலும் இரண்டாம் வகை. நெடுங்காலம் குறையாகக் கருதப்பட்ட இந்தப் பண்பே இப்போது நமக்கு வாய்ப்பாகியிருக்கிறது. சோடியம் அயனி கிராஃபைட்டுக்குள் எளிதில் நுழையாது. வன்கரி எனப்படும் இந்த ஒழுங்கற்ற கரியின் இடுக்குகளில் தங்கும். 2000-ஆம் ஆண்டில் கனடாவின் ஆய்வாளர்கள் ஸ்டீவன்ஸும் டானும் குளுக்கோஸிலிருந்து செய்த வன்கரி, கிராமுக்குச் சுமார் 300 மில்லியாம்பியர்-மணி அளவுக்குச் சோடியத்தை ஏற்றது. சோடியம் அயனி மின்கலத்துக்குப் பயிர்க் கரி பொருந்துவது இதனால்தான்.

அதன்பின் ஆய்வாளர்களான நாம் என்ன செய்தோம்? செடிக்கொரு கட்டுரை எழுதினோம். வாழைத்தண்டு, நெல் உமி, சீமைக் கருவேலம் என்று பட்டியல் நீள்கிறது. சில கிராம் கரியைப் பன்மடங்கு காரத்தோடு சுட்டு, அமிலத்தில் கழுவி, மின்கொள்ளளவாக அழகான ஓர் எண்ணை அச்சிடுகிறோம். அடுத்த பருவத்து அறுவடையிலும் அதே எண் வருமா என்று சோதிப்பவர் குறைவு. உமியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. தொட்டியில் சாம்பல் மிகக் குறைவு. ஒரே பயிரிலும் மண்ணும் உரமும் மாறினால் பொட்டாசியம் மாறும். பொட்டாசியம் மாறினால் நீராவியில் கரி கரையும் வேகம் மாறும், துளைகளும் மாறும். ஆகவே கரியின் தரம் உலையில் அல்ல, வயலிலும் உலர்த்தும் களத்திலும் தொடங்குகிறது.

விளைச்சல் கணக்கும் வேண்டும். 100 கிலோ காய்ந்த தொட்டி சுமார் 30 கிலோ கரி தரும். கிளர்வூட்டும்போது அதிலும் பெரும்பங்கு எரிந்துபோகும். குழியில் சுட்டால் எரியக்கூடிய வாயு வீணாகப் புகைகிறது. மூடிய உலையில் அதையே சூட்டுக்குத் திருப்பலாம். கரியை அணைக்க ஊற்றும் தண்ணீர் கிணற்றைக் கெடுக்கிறது என்பது கொங்கு உழவர்களின் புகார். அந்த நீரைக் கணக்கில் சேர்க்காமல் நம் கரியைப் பசுமையானது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மூலப்பொருளுக்கும் வேறு தேவை உண்டு. வைக்கோல் மாட்டுத் தீனி. கரும்புச் சக்கை ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருள். சும்மா கிடைக்கும் என்று நினைத்துத் திட்டம் போட்டால் கணக்கு உதைக்கும்.

எனவே பயிர்க் கரி பற்றிய இக்கருத்தரங்கின் முன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். பயிர் ரகம், மண், அறுவடைப் பருவம், சாம்பல் அளவு ஆகியவற்றை ஒவ்வொரு கட்டுரையும் சொல்லட்டும். கிராமளவில் கண்டதைப் பல கிலோ அளவில், மூன்று பருவத்துப் பொருளில் செய்து காட்டட்டும். மின்கொள்ளளவுக்குப் பக்கத்திலேயே விளைச்சலும் கழிவுநீரும் அச்சாகட்டும்.

முதல் அமர்வில் பேராசிரியர்களுக்கு முன்பாகக் கரி சுடுபவர்கள் பேசுவார்கள்; நிரலை அப்படி மாற்றும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். ஒரு லோடு தொட்டியில் எதை ஒதுக்குகிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.