இல்லமும் பள்ளிவாசலும் நம் பிள்ளைகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

நம் மஹல்லாவில் தகப்பனார் வளைகுடா நாடுகளில் உழைக்க, தாயாரும் பாட்டியாரும் பிள்ளைகளைப் பேணி வளர்க்கும் இல்லங்கள் பல உள்ளன. கணவரை இழந்து தனித்து நிற்கும் சகோதரியரின் இல்லங்களும் உண்டு. ‘ஆண் துணையற்ற வீட்டுப் பிள்ளை உருப்படாது’ என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்பளிப்போர் இருக்கின்றனர். மார்க்கம் கற்றுத் தந்த பேச்சன்று இது.

அண்ணலார் பிறக்கும் முன்பே தந்தையார் அப்துல்லாஹ் மறைந்துவிட்டார்கள். ஆறு வயதில் அன்னை ஆமினாவையும், எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபையும் இழந்தார்கள். பின்னர் பெரிய தந்தை அபூதாலிப் தம் பிள்ளைகளுள் ஒருவராக அணைத்துக் கொண்டார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-இல் காஸாவில் பிறந்தவர்கள். தந்தை குழந்தைப் பருவத்திலேயே மறைந்துவிட, வறுமையிலும் அவர்களை மக்காவுக்கு அழைத்து வந்து ஓத வைத்தவர் தாயார்தாம். வீட்டின் அமைப்பு எதுவாயினும், பிள்ளையின் அருகில் ஒரு பெரியவர் இருந்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

தகப்பனார் வீட்டிலேயே இருந்தும் தனித்து வாடும் பிள்ளைகளும் உண்டு. யூஸுஃப் (அலை) அவர்கள் தாம் கண்ட கனவைத் தந்தையிடம்தான் முதலில் சொன்னார்கள். யஃகூப் (அலை) அவர்களும் செவிசாய்த்தார்கள். இன்று பிள்ளை கனவு சொல்ல வந்தால், நாம் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வதற்குள் அது கனவையே மறந்துவிடும்!

தொழுகைக்கு வருவோம். ஏழு வயதில் ஏவுங்கள் என்பது நபிமொழி. பத்து வயதில் கண்டிக்கச் சொன்னதை மட்டும் நினைவில் வைத்திருப்போர் பலர். இடையில் மூன்று ஆண்டுகள் உள்ளனவே! நாளொன்றுக்கு ஐந்து வேளை எனக் கணக்கிட்டால், ஐயாயிரம் முறைக்கும் மேலாக அன்போடு அழைத்த பின்னரே கண்டிப்புக்கு இடம் வருகிறது.

இதில் நம் பிழையையும் சொல்லியாக வேண்டும். முன்னொரு ரமளானில், இஷாத் தொழுகையின் பின்வரிசையில் சிரித்த ஒரு சிறுவனை, ஸலாம் கொடுத்ததும் அனைவர் முன்னிலையிலும் உரத்துக் கடிந்துகொண்டோம். அதன்பின் பத்து நாட்களாகியும் அவன் வரவில்லை. அவனுடைய தாயார் சொல்லியனுப்பினார்: “இவனுடைய வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார், ஹஜ்ரத். கைப்பிடித்து அழைத்து வர ஆளில்லை. அவனாகவே வந்துகொண்டிருந்தான்.”

நமக்கு நா எழவில்லை. பேரர் முதுகில் ஏறியதற்காக ஸஜ்தாவை நீட்டிய நபியின் வரலாற்றை, பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தே தொழுத வரலாற்றை மிம்பரில் எத்தனை முறை ஓதியிருப்போம்!

மறுநாளே அவ்வில்லம் சென்று அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் மஃரிபுக்கு வருகையில் அவனையும் உடன் அழைத்து வரலானார். இப்பொழுது வரிசையில் அவர் பக்கத்திலேயே நிற்கிறான். சிறுவர்களைப் பின்னால் கூட்டமாகத் தள்ளாமல் பெரியவர்களுக்கிடையே நிறுத்தினால் சத்தமும் குறைகிறது என்பதை அனுபவத்தில் கண்டோம்.

தகப்பனார் ஊரில் இல்லாத இல்லங்களின் பட்டியல் ஒன்றை நிர்வாகக் குழுவினர் தயாரித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். தத்தம் தெருவில் ஒரு பிள்ளையை வக்துக்கு அழைத்து வர முன்வருவோர், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நம்மிடம் பெயர் தரலாம்.

வஸ்ஸலாம்.