காரின் பிரேக்கும் குடும்பக் கணக்கும்



ஒரு காலத்தில் எங்கள் செனாவாங் வட்டாரத் தோட்டங்களில் சைக்கிள் வைத்திருந்த வீடே வசதியான வீடு. விடியற்காலையில் பெரட்டுக்கு நடந்தே போவார்கள். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தே திரும்புவார்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று தொழிற்பேட்டையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. மகன் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போகிறான். மகள் சிரம்பானில் படிக்கிறாள். பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் சேர்த்து வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. பெட்ரோலுக்குக் கணக்கு வைக்கிறோம். சாலை வரிக்கும் காப்புறுதிக்கும் கணக்கு வைக்கிறோம். பிரேக்குக்குக் கணக்கு வைக்கும் வீடுகள் மட்டும் மிகக் குறைவு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் பிள்ளையின் சைக்கிளைப் பாருங்கள். கைப்பிடியை அழுத்தியதும் இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கர விளிம்பை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கின்றன. காரிலும் ஏறத்தாழ அதே வேலைதான் நடக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதைத்தான் டிஸ்க் என்கிறோம். நாம் காலால் மிதித்ததும், பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் இரண்டு கட்டைகள் அந்தத் தட்டை இரு பக்கமும் நெருக்குகின்றன. அவைதாம் பிரேக் பேட். இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற பொறியாளர் 1902ஆம் ஆண்டிலேயே இத்தகைய பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், சாதாரண மக்களின் கார்களுக்கு இது பரவலாக வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நம் நாட்டில் 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994இல் வந்த பெரோடுவா கன்சிலிலும் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் இருந்தது.

தட்டைக் கட்டை உரசும்போது கட்டை தேயத்தான் செய்யும். கரும்பலகையில் எழுத எழுதச் சுண்ணாம்புக் கட்டி கரைவதைப் போன்றது அது. புதிய பேட்டின் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும். அது 3 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பிள்ளையின் அளவுகோலில் மூன்று சிறு கோடுகள்தாம். நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

இப்போது என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். என்னிடம் ஒரு பழைய கன்சில் இருக்கிறது. ஒரு தீபாவளிக்கு முன்பு, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் "கீச்" என்று சத்தம் வரத் தொடங்கியது. பட்டறையில் காட்டினேன். "பேட் தேஞ்சி போச்சி டீச்சர். பேட் 80 வெள்ளி, கூலி 40 வெள்ளி. உடனே மாத்திருங்க" என்றார் அங்கிருந்த பெரியவர். "தீபாவளி முடியட்டும் அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். துணிமணி, பலகாரம், ஊருக்குப் போய்வரும் செலவு என்று கை கடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஆறு வாரம் சென்றது. கீச்சென்ற சத்தம் கரகரவென்று மாறியது. மறுபடியும் போனேன். அந்தப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பேட் முழுவதும் தேய்ந்து, அதன் பின்பக்கத்து இரும்பு டிஸ்கையே கீறிவிட்டிருந்தது. பால்மரத்துப் பட்டையில் கத்தி போட்ட வரிகளைப் போல வட்ட வட்டமாய்ப் பள்ளங்கள்! இரண்டு முன் சக்கரங்களுக்கும் டிஸ்க் மாற்ற வேண்டியதாயிற்று. டிஸ்க் 220 வெள்ளி, பேட் 80 வெள்ளி, கூலி 60 வெள்ளி. ஆக மொத்தம் 360 வெள்ளி. முதலிலேயே மாற்றியிருந்தால் 120 வெள்ளியோடு போயிருக்கும்.

பணத்தைவிட வேறொன்று என் மனத்தை உறுத்தியது. அந்த ஆறு வாரத்தில் இரண்டு முறை கோலப்பிலா போய்விட்டு, புக்கிட் புத்துஸ் மலைச்சாலையில் இறங்கி வந்திருக்கிறேன். ஒரு முறை, புதிர்ப்போட்டி முடிந்து வந்த என் மாணவர் மூவர் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "டீச்சர் கூடத்தானே போறான்" என்று நம்பி அனுப்பிய அவர்களின் தாய்மாரை நினைத்தபோது அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நேயர்களே, இனிக் கணக்குக்கு வருவோம். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 26 வேலை நாளுக்குப் பங்கிட்டால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. காலத்தோடு பேட் மாற்ற ஆகும் 120 வெள்ளி, இரண்டு நாள் சம்பளத்துக்கும் குறைவு. நான் கட்டிய 360 வெள்ளியோ ஐந்தரை நாள் சம்பளம். தள்ளிப்போட்டதற்காக நான் கொடுத்த அபராதம் 240 வெள்ளி.

பேட் எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பீர்கள். ஓட்டும் முறையையும் சாலையையும் பொறுத்து அது மாறும். 40,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் 40 மாதம் வரும். 120 வெள்ளியை 40 மாதத்துக்குப் பங்கிட்டால், மாதம் 3 வெள்ளி. ஒரு பழைய பால் டின்னில் மாதந்தோறும் 3 வெள்ளி போட்டு வாருங்கள். கீச்சென்ற சத்தம் வரும் நாளில், யாரிடமும் கைமாற்று கேட்க வேண்டியிராது. உங்கள் காருக்கும் நீங்கள் வாங்கும் பொருளுக்கும் ஏற்ப விலை கூடலாம், குறையலாம். பட்டறையில் விலை கேட்டு, இதே முறையில் நீங்களே வகுத்துப் பாருங்கள். வீட்டில் நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அதனிடமே கொடுங்கள், நல்ல பயிற்சி.

பேட் தேய்வதைக் கார் நமக்கு முன்கூட்டியே சொல்லும். பல பேட்டுகளில் ஒரு சிறு தகடு இருக்கும். பேட் மெலிந்ததும் அது டிஸ்கில் உரசிச் சத்தமிடும். எனக்குக் கேட்ட கீச்சொலி அதுதான். பிரேக் எண்ணெய்ப் புட்டியில் மட்டம் இறங்குவதும் ஓர் அடையாளம். அப்போது எண்ணெயை மட்டும் ஊற்றிவிட்டு இருந்துவிடாதீர்கள். பேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது கால் அதிர்ந்தால் டிஸ்க் சமமாக இல்லை என்று பொருள் கொள்ளலாம்.

பட்டறைக்குப் போனால் நான்கு காரியம் செய்யுங்கள். கழற்றிய பழைய பேட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். டிஸ்கையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், அதன் தடிப்பை அளந்து காட்டச் சொல்லுங்கள்; அதற்குக் கீழே போகக்கூடாத அளவு பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பள்ளம் ஆழமாக இல்லாமல், தடிப்பும் போதுமானதாக இருந்தால், சில வேளை கடைசல் பிடித்தே சமாளிக்கலாம். பேட்டானாலும் டிஸ்கானாலும் இடம் வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். பெயர் தெரியாத மலிவுப் பேட்டையும், பிறர் காரில் கழற்றிய பேட்டையும் வாங்காதீர்கள். ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே பேட் மாற்றும் கைத்திறன் படைத்த தம்பிமாருக்கும் ஒரு சொல். சக்கரத்தில் படிந்திருக்கும் கரிய தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய காலத்துப் பேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். வேலை முடிந்ததும், காரை நகர்த்துமுன் பிரேக்கைப் பலமுறை மிதித்து, அது இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். மிதிக்காமல் புறப்பட்டால் முதல் மிதியில் கார் நிற்காது.

மலையிறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் டிஸ்க் பழுக்கக் காய்ந்து பிடிமானம் குறையும். கியரைக் குறைத்து இறங்குங்கள். பேட்டும் அதிக நாள் உழைக்கும். பயணமும் பத்திரமாக இருக்கும்.

இந்த உரையைக் கேட்ட பிறகு, நாளைக் காலையில் காரை எடுக்கும்போது வானொலியைச் சற்று நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, மெதுவாக ஓட்டிப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். கீச்சென்று கேட்டால் பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே பட்டறைக்குப் போய்விடுங்கள்.