நாகு

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். ‘நாகு’ என்பது அந்தச் சொல். சென்ற கிழமை இதைச் சொன்னபோது என் பேத்தி, “நாகபாம்பா மூத்தம்மா?” என்று கேட்டாள்.

பாம்பு அல்ல. இன்னும் கன்று போடாத இளம் பசு, அல்லது எருமை. கன்றுப் பருவம் கடந்துவிட்டது, தாயாகவில்லை. முதற்கன்று ஈன்றதும் அந்தப் பெயர் போய்விடும். அதற்குச் சோடி நாம்பன். வட்டையும் பட்டியுமாக வாழ்ந்த நம் ஊர்களில் இது வெறும் சொல்லல்ல, கணக்கு. இப்போது கறப்பது எத்தனை, இனிக் கறக்கப்போவது எத்தனை என்று எண்ணுகிற கணக்கு. என் மூத்தம்மா பட்டியில் எனக்கென்று குறித்து வைத்ததும் ஒரு நாகுதான். அதன் வழி வந்த மாடுகளை விற்ற காசில்தான் நான் பேராதனைக்குப் படிக்கப் போனேன்.

இங்கு வந்து சேருமுன் படித்த பள்ளியில், ‘எங்கள் வீட்டுப் பசு’ என்ற கட்டுரையில் இந்தச் சொல்லை எழுதினேன். சிவப்பு மையால் வெட்டி, ஓரத்தில் ‘கொச்சை’ என்று எழுதியிருந்தது. வெட்டியவரைக் குறை சொல்லமாட்டேன். வீட்டுப் பேச்சு ஏட்டுக்கு வரக்கூடாது என்பது அக்கால நினைப்பு. ஆனால் எனக்கு வாய் கூசத் தொடங்கிவிட்டது. தோழிகள் பக்கத்தில் இருக்கும்போது மூத்தம்மா மாட்டுக் கதை எடுத்தால், நான் வேறு கதைக்கு மாற்றிவிடுவேன். அவர் அதைக் கவனித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பேராதனையில் தொல்காப்பியம் படித்தோம். பொருளதிகாரத்தின் கடைசி இயல் மரபியல். எந்த விலங்கின் பெண்ணை எப்பெயரால் அழைப்பது என்று அதில் வகுத்திருக்கிறது. எருமை, மரை, பெற்றம் மூன்றுக்கும் நாகு என்ற பெயர் உரியதாம்! நீர்வாழ்வனவற்றில் நந்துக்கும் உண்டு. (பெற்றம் என்றால் மாடு. அந்தச் சொல் நம்மிடமும் இல்லை. மரை இருக்கிறது.) புத்தகத்தை மூடிவிட்டு விடுதிக்குப் போய் அழுதேன்.

புறநானூற்றில் 261ஆம் பாட்டு ஆவூர் மூலங்கிழார் பாடியது. பகைவர் கவர்ந்த மாடுகளை மீட்டு வந்து, நடுகல்லாகிப் போன ஒரு வீரனைப் பற்றியது. நிரை மீட்டவர் சூடும் கரந்தைப் பூ நாகின் மடிக்காம்பு போல இருந்ததாம். மற்றவர்கள் உரையைப் பார்த்து விளங்கிக்கொண்டார்கள். எனக்கு உரை வேண்டியிருக்கவில்லை. ஒருமுறையும் கறக்கப்படாத அந்தச் சின்னக் காம்பை நான் பட்டியில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இழவுப் பாட்டில் புலவர் அதை நினைத்தாரே என்றுதான் மனம் கனத்தது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு காடும் மேய்ச்சல் தரையும் வயலாகின. உழவு இயந்திரம் வந்ததும் சூடு மிதித்த எருமைக்கு வேலை இல்லை. பட்டி குறைந்தால் பட்டிச் சொல்லும் குறையத்தானே செய்யும்.

போன ரமழானில் பெண்களுக்கான தப்ஸீர் வகுப்பில் சூரா பகராவின் 68ஆம் வசனத்துக்கு வந்தோம். மூஸா நபியிடம் அவருடைய சமூகத்தார், அறுக்க வேண்டிய மாடு எப்படிப்பட்டது என்று கேட்கிறார்கள். கிழடும் அல்ல, ‘பிக்ர்’ உம் அல்ல, இரண்டுக்கும் நடுவயது என்று பதில் வருகிறது. பிக்ர் என்பதைத் தமிழில் சிலர் ‘கன்று’ என்று பெயர்த்திருக்கிறார்கள். கன்று போடாத இளம் மாடு என்பதே விரிவுரைகள் பொதுவாகத் தரும் பொருள். நான் ‘நாகு’ என்றேன். இளம் பிள்ளைகள் விழித்தார்கள். பின்வரிசையில், பள்ளிக்கூடப் படியே மிதிக்காத ஒரு மூத்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாகுமில்ல, கிழடுமில்ல. அப்ப ரெண்டு மூணு கண்டு போட்ட மாடெண்டு சொல்லன் புள்ள!”