ஏடு ஒப்பிட்ட பேரறிஞர்



ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவன் யான். ஓர் இலக்கம் பிசகினால் சரக்கு வேறூர் சேர்ந்துவிடும். பிழையின்றிப் படியெடுத்தலின் அருமையை அறிந்தவன் என்னும் உரிமையில், தியோடோர் மாம்சென் என்னும் ஜெர்மானிய அறிஞரைப் பற்றிச் சில கூற விழைகிறேன்.

1817-இல் பிறந்த அவர் சட்டம் பயின்றவர். அரசியல் ஈடுபாட்டினால் 1851-இல் லைப்சிக் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். பின்னர் பெர்லினில் அமர்ந்து, ஜஸ்டினியன் பேரரசர் 533-இல் வெளியிட்ட ‘டைஜஸ்ட்’ என்னும் சட்டத் தொகுப்பைப் பதிப்பித்தார். அது 50 புத்தகங்கள் கொண்டது. பிளாரன்ஸ் நகரத்து 6-ஆம் நூற்றாண்டு ஏட்டை அடிப்படையாக வைத்துப் பிற ஏடுகளோடு ஒப்பிட்டார். ‘அல்ல’ என்னும் ஒரு சொல் விடுபட்டால் சொத்துக்குரியவனே மாறிவிடுவான் அன்றோ! 1870-இல் அப்பணி நிறைவேறிற்று.

1880-இல் அவரது இல்லம் தீப்பற்றியது. அவருடைய நூல்களோடு, பிற நூலகங்கள் நம்பி இரவல் தந்த பழைய ஏடுகளும் எரிந்தன. அவற்றுக்கு ஈடு ஏது? அத்துயரைச் சுமந்தே மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1902-இல் நோபல் பரிசு பெற்று, மறு ஆண்டு மறைந்தார். அவர் பதிப்பித்த தியோடோசியஸ் சட்டத் தொகுப்பு 1905-இல் வெளிவந்தது.

அன்பர்களே, ஏட்டிலேயே நின்றது எரிந்தது. அவர் கையால் அச்சேறியது இன்றும் வாழ்கிறது.