தள்ளிப்போடுதலும் தபூக்கின் படிப்பினையும்

(ஷஃபான் மாதத்தில் நமது பள்ளிவாசலில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

அரபு மொழியில் 'ஸவ்ஃப' என்றொரு சொல் உண்டு. 'பிறகு செய்வேன்' என்று சொல்லும்போது வினைக்கு முன்னால் வருவது. அதிலிருந்தே 'தஸ்வீஃப்' என்ற பெயர் பிறந்தது. நமது பேச்சில் அதற்கு 'பார்த்துக்கொள்ளலாம்' என்று பெயர். செய்யமாட்டேன் என்று மறுப்பவனுக்குத் தன் நிலை தெரியும். பார்த்துக்கொள்ளலாம் என்பவனோ தன்னை நல்லவர் பட்டியலிலேயே வைத்துக்கொண்டு காலத்தைக் கழித்துவிடுகிறான். இந்நோய் ஈமானில் குறைந்தவர்களை மட்டுமே பீடிக்கும் என்று எண்ணிவிடலாகாது. சான்றுக்குத் தபூக் பயணத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, ரஜப் மாதம். கி.பி. 630. மதீனாவிலிருந்து தபூக் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கடும் வெப்பம். பேரீச்சை கனிந்து, நிழல் இன்பமாக இருந்த பருவம். மற்றப் படையெடுப்புகளில் போகுமிடத்தை வெளிப்படையாகச் சொல்லாத நபி (ஸல்) அவர்கள், மக்கள் தக்க ஆயத்தம் செய்துகொள்ளட்டும் என்று இம்முறை முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள்.

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் அகபா உடன்படிக்கையில் கலந்துகொண்ட அன்ஸாரித் தோழர், கவிஞர். தமக்கு நேர்ந்ததை அவர்களே எடுத்துரைத்த நீண்ட ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவர்களிடம் அன்று குறை எதுவும் இல்லை. உடல் வலிமையும் பொருள் வசதியும் அதற்கு முன் இருந்ததைவிட அதிகம். வாழ்வில் முதன்முறையாக இரண்டு ஒட்டகங்கள். காலையில் ஆயத்தம் செய்யப் புறப்படுவார்கள், ஒன்றும் செய்யாமல் வீடு திரும்புவார்கள். நினைத்தால் முடித்துவிடலாமே என்று உள்ளம் சொல்லும். படை புறப்பட்டுப் போனது. ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்றது உள்ளம். மறுநாளும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்படியே படை எட்டாத தூரம் போய்விட்டது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அன்றைய முதல் காலையில் அவர்களுக்குத் தேவைப்பட்டது 700 கிலோமீட்டர் அல்ல. ஒரு தோல்பையில் வழிக்கு வேண்டிய உணவைக் கட்டியிருக்கலாம். ஒட்டகத்தின் சேணத்தைச் செப்பனிட்டிருக்கலாம். அந்தச் சிறு காரியம் நடந்திருந்தால் மறுநாள் அடுத்தது நடந்திருக்கும். நினைத்தால் முடியும் என்ற வசதியே அவர்களைத் தடுத்தது. இல்லாதவன் தள்ளிப்போடுவதைவிட இருப்பவன் தள்ளிப்போடுவது அதிகம். இதை நம் ஜமாஅத்திலும் காணலாம்.

அதே பயணத்தில் அபூ கைஸமா (ரலி) என்ற தோழரும் பின்தங்கியிருந்தார்கள். இப்னு இஸ்ஹாக் தரும் வரலாற்றின்படி, ஒரு வெப்பமான நாளில் தோட்டத்துக்கு வந்தார்கள். துணைவியர் இருவரும் பந்தலில் நீர் தெளித்து, குளிர்ந்த தண்ணீரும் உணவும் ஆயத்தமாக வைத்திருந்தனர். வாசலில் நின்றவர்கள் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அண்ணலார் வெயிலில் இருக்க நான் நிழலிலா என்றெண்ணி, அங்கேயே வழியுணவைக் கட்டச் சொன்னார்கள். ஒட்டகத்தில் ஏறிப் போய்த் தபூக்கில் சேர்ந்துகொண்டார்கள். முன்பு ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தைத் தர்மமாகக் கொண்டுவந்து, இவ்வளவுதானா என்று நயவஞ்சகர்களின் ஏளனத்துக்கு ஆளானவரும் இவர்களே என்று முஸ்லிமின் அறிவிப்பு கூறுகிறது. ஃபித்ராவைப் பேரீச்சம்பழமாகக் கொடுத்தால் ஒருவருக்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அது. சிறிதைக் கொடுக்க வெட்கப்படாதவர் தாமதமாகப் புறப்படவும் வெட்கப்படவில்லை.

கஅப் (ரலி) அவர்கள் பொய்க் காரணம் சொல்லவில்லை. ஐம்பது நாள் மக்கள் அவர்களோடு பேசாதிருந்தனர். பின்னர் தவ்பா ஏற்கப்பட்ட செய்தி திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இறங்கியது. மகிழ்ச்சியில் தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்வதாகக் கூறியபோது, கொஞ்சத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதுவே உங்களுக்கு நல்லது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் என்பதை அங்கும் பெருமானார் விரும்பவில்லை.

இனி நமது வீட்டுக்கு வருவோம்.

ஜனாஸா தொழுகைக்கு முன், மர்ஹூம் யாருக்கேனும் கடன் தரவேண்டியிருந்தால் வாரிசுகளிடம் தெரிவியுங்கள் என்று அறிவிக்கிறோம். அந்நேரம் மகன்மார்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும், வாப்பா யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கடன் உள்ளவரின் ஜனாஸாவைத் தொழவைக்காமல் நபி (ஸல்) அவர்கள் விலகி நின்றதும், அபூ கத்தாதா (ரலி) அவர்கள் கடனுக்குப் பொறுப்பேற்ற பின்பே தொழவைத்ததும் நாம் அறிந்த வரலாறு. விட்டுச்சென்ற சொத்தில் அடக்கச் செலவுக்குப் பின் கடன், அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத், அதற்கும் பின்னரே வாரிசுகள். கொடுபடாத மஹரும் கடனே. நிக்காஹ் தஃப்தரில் எழுதிய தொகை முப்பது ஆண்டுகளாக ஏட்டிலேயே உறங்கும் வீடுகள் எத்தனை!

வஸிய்யத்தை எழுதிவைக்காமல் இரவுகளைக் கழிக்கலாகாது என்பதைக் கேட்ட நாள் முதல், இப்னு உமர் (ரலி) அவர்கள் எழுதாமல் ஓர் இரவும் இருந்ததில்லை. நம்மவர்களோ முத்திரைத்தாள், வக்கீல், பங்குக் கணக்கு என்று எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்து மலைத்துவிடுகிறார்கள். அவையெல்லாம் பின்னர் வரட்டும். முதலில் ஒரு நோட்டில் ஒரு பெயரும் ஒரு தொகையும் எழுதப்படட்டும்.

களா தொழுகையும் இவ்வாறே. பத்தாண்டு தொழுகை பாக்கி என்று ஒருவர் வருகிறார். பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 நாள், நாளுக்கு ஐந்து வக்து வீதம் 1770, பத்தாண்டுக்கு 17,700. ஹனஃபிகளுக்கு வித்ரும் சேரும். இத்தொகையைக் கேட்டதும் மனிதர் எழுந்து போய்விடுகிறார். ஆனால் இன்றைய லுஹரோடு 'என் மீதுள்ள களா லுஹர்களில் முதலாவது' என்ற நிய்யத்தில் நான்கு ரக்அத் தொழ ஐந்தாறு நிமிடம் போதும். ஒவ்வொரு வக்தோடும் ஒன்று தொழுதால் ஓராண்டில் ஓராண்டின் பாக்கி தீரும். இரண்டு தொழுதால் இரண்டாண்டு பாக்கி. காரணமின்றி விட்டதை விரைந்து முடிப்பது பற்றி ஷாஃபிஈ மத்ஹபில் கடுமையான சட்டம் உண்டு. அதைத் தனியே வந்து கேட்டுக்கொள்ளுங்கள். தொடங்காதவர் தொடங்குவதற்கே இதைச் சொல்கிறோம்.

தாய்மார்கள் ஒன்று கேட்கக்கூடும். ஆயிஷா (ரலி) அவர்கள் விடுபட்ட ரமளான் நோன்புகளை ஷஃபானில் நோற்றார்களே, அது தள்ளிப்போடுதல் இல்லையா? இல்லை. அடுத்த ரமளான் வரை ஷரீஅத் அவகாசம் தந்திருக்கிறது, அதற்குள் முடித்தார்கள். நாள் குறித்து ஒத்திவைப்பது ஏற்பாடு. நாள் குறிக்காததே தஸ்வீஃப். சென்ற ஆண்டின் நோன்பு எவருக்கேனும் பாக்கியிருந்தால், ஷஃபானில் இன்னும் நாட்கள் இருக்கின்றன.

ஓதத் தெரியாத பெரியவர்கள் சிறுவர்களோடு அமர வெட்கப்படுவதாலேயே வருவதில்லை. அவர்களுக்காக இஷாவுக்குப் பின் தனியே உட்கார்வோம். அலிஃப், பே தொடங்கிப் பத்து நிமிடம் மட்டும். நோட்டில் கடன் எழுதத் தடுமாறுபவர்களும் அந்நேரமே வரலாம். எழுதுகோல் நம்மிடம் உண்டு.